ஒரே பிறந்த நேரம், இரண்டு லக்னம்: கடகமா, சிம்மமா?

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நல்ல இடம் ஒன்று அமைந்து வந்தது, இரண்டு பக்கமும் பிடித்துப்போய்விட்டது. இப்போது லக்னத்தில் வந்து நிற்கிறது.

தம்பி பிறந்தது திருநெல்வேலியில், சித்திரை 11, மதியம் 1.40. ஆண்டைப் பொதுவில் போடவில்லை, தொண்ணூறுகள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 1.40 என்று எழுதியிருக்கிறது, அப்பாவும் அதையேதான் டைரியில் குறித்து வைத்திருக்கிறார். அப்போதே ஊரில் ஒரு ஜோசியர் நோட்டுப் போட்டு ஜாதகம் எழுதிக் கொடுத்தார். அதில் சிம்ம லக்னம். என் தங்கை போனில் ஒரு செயலியில் போட்டுப் பார்த்தாள், அதிலும் சிம்மம். ஆனால் பெண் வீட்டு ஜோசியர் கடக லக்னம் என்கிறார். செவ்வாய் சிம்மத்தில் இருக்கிறது. சிம்ம லக்னம் என்றால் செவ்வாய் லக்னத்திலேயே இருக்கிறது, தோஷக் கணக்கில் வராது. கடகம் என்றால் அதை 1 என்று எண்ண 2-ஆம் இடத்தில் செவ்வாய், தோஷம் என்கிறார்கள். பெண்ணுக்குத் தோஷம் இல்லை, அதனால் பொருத்தம் இல்லையாம்.

ஒரே நேரம், ஒரே ஊர். எப்படி இரண்டு லக்னம் வரும்? அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல் எழுதியது:

அக்கா, ரெண்டு இடத்தில் சிம்மம், ஒரு இடத்தில் கடகம். இதில் குழப்பமே இல்லை. சிம்மம்தான். பெண் வீட்டு ஜோசியர் கணக்கில் எங்கேயோ தவறியிருப்பார். எங்கள் வீட்டிலும் இப்படி ஒருமுறை வந்தது, வேறு ஜோசியரிடம் காட்டி முடித்துவிட்டோம். நோட்டு எழுதியவர் கையால் கணக்குப் போட்டவர், அதை நம்புங்கள்.

நிழல்கடிகாரம் எழுதியது:

நான் ஜோசியர் இல்லை, வானியலில் ஆர்வம் உள்ளவன். ஆனால் லக்னம் என்பது முழுக்க வானியல் கணக்கு என்பதால் இதில் பேசலாம் என்று நினைக்கிறேன்.

குழந்தை பிறந்த நொடியில் அந்த ஊரின் கிழக்கு அடிவானத்தில் எந்த ராசி உதித்துக்கொண்டிருந்ததோ அதுதான் லக்னம். பூமி சுற்றுவதால் 24 மணி நேரத்தில் 12 ராசியும் வரிசையாக உதித்து முடித்துவிடும். ஒரு ராசிக்குச் சராசரியாக 2 மணி நேரம். அதாவது லக்னம் ஏறத்தாழ 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்ந்துகொண்டே இருக்கும். சந்திரன் ஒரு ராசியைக் கடக்க இரண்டேகால் நாள் எடுக்கும், அதனால் ராசியும் நட்சத்திரமும் பத்து நிமிடப் பிசகில் பெரும்பாலும் மாறாது. லக்னம் மாறிவிடும். உங்கள் தம்பியின் மூன்று ஜாதகத்திலும் ராசி, நட்சத்திரம், தசை இருப்பு எல்லாம் ஒன்றாகவே இருக்கும் பாருங்கள். வித்தியாசம் 'ல' போட்ட கட்டத்தில் மட்டும்தான் இருக்கும்.

ஒரு எளிய சோதனை உண்டு. சூரியன் உதிக்கும்போது லக்னமும் சூரியனும் ஒரே ராசியில் இருக்கும். நடுப்பகலில் சூரியன் லக்னத்துக்கு 10-ஆம் இடத்தை ஒட்டி, மாலை மறையும்போது 7-ஆம் இடம், நள்ளிரவில் 4-ஆம் இடம். ராமர் ஜாதகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வால்மீகி பாலகாண்டத்தில் கடக லக்னம் என்று சொல்கிறார். சூரியன் மேஷத்தில் உச்சம். கடகத்துக்கு மேஷம் 10-ஆம் இடம், அதனால் நடுப்பகல் பிறப்பு. ராமநவமியை உச்சிப்பொழுதில் கொண்டாடுவது அதனால்தான். கண்ணனுக்கு ரிஷப லக்னம் என்பார்கள். ஆவணியில் சூரியன் சிம்மத்தில், ரிஷபத்துக்கு சிம்மம் 4-ஆம் இடம், நள்ளிரவு. இந்தச் சோதனையில் தேறாத ஜாதகம் என்றால் முற்பகல் பிற்பகல் மாறிப் போட்டிருக்கிறார்கள் என்று உடனே பிடித்துவிடலாம்.

தம்பிக்குச் சித்திரை, சூரியன் மேஷத்தில். மதியம் 1.40-க்குச் சூரியன் 10-ஆம் இடத்திலோ, அதைத் தாண்டி 9-ஆம் இடத்திலோ இருக்கலாம். 10 என்றால் கடகம், 9 என்றால் சிம்மம். ஆக இரண்டுமே சாத்தியம்தான், எல்லையில் இருக்கிறார். இங்கே கை எண்ணிக்கை உதவாது, நொய்யல். இரண்டு பேர் சொன்னார்கள் என்பதைவிட எதை வைத்துச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும்.

அக்கா, தங்கை பார்த்த செயலியில் பிறந்த ஊர் என்ன போட்டிருக்கிறது? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

பார்த்தேன். தேதியும் நேரமும் மட்டும்தான் அவள் போட்டிருக்கிறாள். ஊர் இடத்தில் சென்னை என்று முதலிலேயே நிரம்பி இருந்திருக்கிறது. திருநெல்வேலி என்று மாற்றியதும் கடகம் வந்துவிட்டது! சென்னைக்குச் சிம்மம் ஒன்றரைப் பாகைக்குக் கொஞ்சம் மேலே. திருநெல்வேலிக்குக் கடகம் 28 பாகையும் சொச்சமும்.

ஒரே மாநிலம்தானே, இவ்வளவு மாறுமா? அப்படியானால் நோட்டு எழுதியவர் திருநெல்வேலிக்காரர்தானே, அவருக்கு எப்படிச் சிம்மம் வந்தது?

நிழல்கடிகாரம் எழுதியது:

மாறும். இந்தியா முழுவதும் ஒரே கடிகாரம், அது 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. சென்னை 80 பாகை 17 கலை (60 கலை ஒரு பாகை), அதனால் அந்த ஊரின் சொந்த நேரம் கடிகாரத்துக்கு 9 நிமிடம் பின்னால் இருக்கும். திருநெல்வேலி 77 பாகை 42 கலை, 19 நிமிடம் பின்னால். கோயம்புத்தூருக்கு 22 நிமிடம். ஆக சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இதிலேயே 10 நிமிடம் போய்விட்டது. அட்சரேகை வித்தியாசத்தில் இந்தத் தேதிக்கு இன்னும் ஒரு 4 நிமிடம். அன்றைக்குச் சென்னையில் கடகம் முடிந்து சிம்மம் தொடங்கியது ஏறத்தாழ 1.33-க்கு. திருநெல்வேலியில் 1.47-க்கு. 1.40 நடுவில் மாட்டிக்கொண்டது.

நோட்டுக் கணக்கைப் பற்றி உதயாதி ஐயா வந்தால் நன்றாகச் சொல்வார்.

சிங்கைவாசி எழுதியது:

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம், லக்னம் பற்றியதுதான். எனக்கு ஜாதகத்தில் சிம்ம லக்னம். இங்கே அலுவலகத்தில் எல்லோரும் வைத்திருக்கும் வெளிநாட்டுச் செயலியில் விர்கோ ரைசிங் என்று வருகிறது, அதாவது கன்னி. ஊர், நேரம் எல்லாம் சரியாகத்தான் போட்டேன். இரண்டும் ஒன்றைத்தானே கணக்கிடுகின்றன?

நிழல்கடிகாரம் எழுதியது:

கணக்கிடும் புள்ளி ஒன்றுதான், கிழக்கு அடிவானம். ஆனால் மேஷம் எங்கே தொடங்குகிறது என்பதில் இரண்டும் வேறு. மேலைநாட்டு முறை மார்ச் மாதச் சம இரவு நாளில் சூரியன் இருக்கும் இடத்தை மேஷத் தொடக்கமாக வைக்கிறது, நாம் சாயனம் என்பது. நம் முறை நட்சத்திரங்களை வைத்து, நிராயணம். சம இரவுப் புள்ளி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை (3600 விகலை ஒரு பாகை) பின்னோக்கி நகர்வதால் இரண்டுக்கும் நடுவில் இன்றைக்கு 24 பாகை இடைவெளி விழுந்திருக்கிறது. அதுதான் அயனாம்சம். 30 பாகை ராசியில் 24 பாகை தள்ளினால் பெரும்பாலானவர்களுக்கு லக்னம் ஒரு ராசி பின்னால் வரும். உங்களுக்குக் கன்னி சிம்மமானது அப்படித்தான். ஒன்றின் பலனை மற்றதன் கட்டத்தில் வைத்துப் படிக்காதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, நீங்கள் சிங்கப்பூரில் பிறந்தவரா? 1981 முடியும் வரை அங்கே கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல்தான் 8 மணி நேரம். தீபகற்ப மலேசியாவிலும் அதேதான். உங்கள் பெற்றோர் ஜாதகம் போடும்போது செயலி பழைய ஆண்டுக்கும் 8 என்று எடுத்துக்கொண்டால் அரை மணி நேரம் பிசகும். நம் ஊரிலும் 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை போர்க்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருந்தார்கள். அந்தக் காலத் தாத்தா பாட்டி ஜாதகத்தில் பாதி லக்னமே மாறிப்போகும்.

உதயாதி எழுதியது:

பொருநைக்கரை அம்மா, நோட்டை எழுதியவர் கணக்குத் தெரியாதவர் இல்லை. அவர் போட்ட கணக்கை என்னால் அப்படியே இங்கே போட்டுக் காட்ட முடியும். நோட்டில் உதயாதி நாழிகை 18, விநாடி 55 என்று இருக்கிறதா பாருங்கள். அன்றைக்குத் திருநெல்வேலியில் சூரியோதயம் காலை 6.06 அளவில். அதிலிருந்து 1.40 வரை 7 மணி 34 நிமிடம். 24 நிமிடம் ஒரு நாழிகை, நாழிகையில் 60-இல் ஒரு பங்கு விநாடி, ஆகவே 18 நாழிகை 55 விநாடி.

பஞ்சாங்கத்தில் ராசிமானம் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு ராசியும் உதிக்க எத்தனை நாழிகை என்று. மேஷம் 4¼, ரிஷபம் 4¾, மிதுனம் 5¼, கடகம் 5½, சிம்மம் 5¼, கன்னி 5. பிறகு துலாம் 5, விருச்சிகம் 5¼, தனுசு 5½, மகரம் 5¼, கும்பம் 4¾, மீனம் 4¼. கூட்டினால் 60 நாழிகை, ஒரு நாள்.

சித்திரை 11 காலையில் சூரியன் மேஷத்தில் 10 பாகை. மேஷத்தில் மீதி 20 பாகை, அதற்கு 2 நாழிகை 50 விநாடி. ரிஷபம் சேர்த்தால் 7–35. மிதுனம் சேர்த்தால் 12–50. கடகம் சேர்த்தால் 18–20. குழந்தை பிறந்தது 18–55-இல். 18–20-க்கே கடகம் முடிந்துவிட்டது, ஆகவே சிம்மம். இதுதான் நோட்டுக் கணக்கு. ஊரில் நிறைய பேர் இப்படித்தான் போடுவார்கள், பெரும்பாலான ஜாதகங்களுக்கு இது போதும். ராசியின் நடுவில் லக்னம் விழுந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின் போனாலும் கட்டம் மாறாது.

எல்லையில் விழுந்தால்தான் வம்பு. பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். மேஷமும் மீனமும் சமம், ரிஷபமும் கும்பமும் சமம், மிதுனமும் மகரமும் சமம். மேஷத் தொடக்கத்தை நடுவாக வைத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. சம இரவுப் புள்ளி மேஷத் தொடக்கத்திலேயே இருந்தால்தான் இப்படி வரும். அதாவது இது சாயன ராசிகளுக்கான மானம். அதனால் சூரியனோடு முதலில் அயனாம்சத்தைக் கூட்டிச் சாயனமாக்கி, பட்டியலைப் பயன்படுத்தி, கடைசியில் அயனாம்சத்தைக் கழிக்க வேண்டும். என் ஆசிரியர் இந்தப் படியை விடவே விடமாட்டார்.

அப்படிப் போடுகிறேன். மேஷம் 10-உடன் 24 கூட்டினால் ரிஷபம் 4 பாகை. ரிஷபத்தில் மீதி 26 பாகை, 4 நாழிகை 7 விநாடி. மிதுனம் சேர்த்தால் 9–22. கடகம் சேர்த்தால் 14–52. சாயன சிம்மத்தில் 24 பாகை வரை போனால் அதுதான் நம் நிராயணக் கடகத்தின் முடிவு. அதற்கு 4–12. மொத்தம் 19 நாழிகை 4 விநாடி. பிறந்தது 18–55. இன்னும் 9 விநாடி கடகம் பாக்கி இருக்கிறது.

லக்னம் கடகம்தான். அதே பட்டியல், அதே சூரியோதயம். நடுவில் ஒரு படி விட்டுப்போனதில் சிம்மம் வந்திருக்கிறது.

நிழல்கடிகாரம் எழுதியது:

ஐயா, அற்புதம். 19 நாழிகை 4 விநாடி என்றால் 1.44 ஆகிறது. கணினியில் நான் போட்டது 1.47. காகிதத்தில் கால் நாழிகைக்கு முழுமையாக்கிய ஒரு பட்டியலை வைத்து மூன்று நிமிட வித்தியாசத்தில் வந்திருக்கிறீர்கள். பட்டியல் சென்னை அட்சரேகைக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது, நானும் சரிபார்த்தேன்.

இன்னொரு பக்கமும் பார்த்துவிட்டேன். அயனாம்சத்தின் அளவு முறைக்கு முறை கொஞ்சம் மாறும்; பரவலாக எடுக்கும் லகிரி அயனாம்சத்தை விட்டு ராமன் அயனாம்சம் போட்டால் லக்னம் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை முன்னே போகும். அப்போதும் கடகத்தின் கடைசிப் பாகையில்தான் நிற்கிறது, எல்லை தாண்டவில்லை.

நொய்யல் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். செயலிக்கு ஊர் தப்பு, நோட்டுக்கு அயனாம்சம் விட்டுப்போனது. ரெண்டும் வேறு வேறு காரணத்தால் சிம்மத்தில் போய் நின்றிருக்கின்றன.

ஆனால் ஒரு கேள்வி. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் இருக்கிறதே, அதில் எதை எடுப்பது? சனிப்பெயர்ச்சியே திருக்கணிதத்தில் 2025 மார்ச் 29, வாக்கியத்தில் 2026 மார்ச் 6 என்று ஒரு வருடம் தள்ளி வந்ததே. திருநள்ளாற்றில் வாக்கியப்படிதான் செய்கிறார்கள்.

உதயாதி எழுதியது:

அது கிரகங்களின் நடைக் கணக்கில் வரும் வித்தியாசம் தம்பி. கோயில் வழக்கம் வாக்கியம் என்றால் அப்படியே இருக்கட்டும். லக்னம் கிரகம் இல்லை. கிழக்கே எது உதித்தது என்பதை வாசலில் நின்று பார்த்தே சொல்லலாம். அதற்கு எந்தப் பஞ்சாங்கம் எடுத்தாலும் வானத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

வன்னிமகள் எழுதியது:

வணக்கம். நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பிள்ளைகளின் சாதகங்களில் இந்த இலக்கினக் குழப்பம் மிகவும் அதிகம். 1996 மே கடைசியில் இலங்கை அரசாங்கம் மின்சாரத்தை மிச்சப்படுத்த நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள். அது 2006 ஏப்ரல் வரை நீடித்தது, பிறகுதான் பழையபடி கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன் என்பதற்குத் திரும்பினது. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம்தான். ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் மாற்ற வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1999-இல் கிளிநொச்சியில் பிறந்த பிள்ளை, பிறந்த நேரம் காலை 7.10 என்று தாய் சொல்கிறார். அது பழைய நேரம். செயலியில் இலங்கை என்று போட்டதும் அது தானாகப் புதிய நேரத்தை எடுத்துக்கொள்ளும். அரை மணித்தியாலம், ஏழு பாகைக்கு மேல். அதே நாள் யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைக்கு 7.10 என்றால் அது புதிய நேரம். சில தாய்மார் ஆஸ்பத்திரியில் எழுதினதைச் சொல்லுவார்கள், சிலர் வீட்டு மணிக்கூட்டைப் பார்த்ததைச் சொல்லுவார்கள். இடம்பெயர்ந்ததில் குறிப்புகளே தொலைந்தவர்கள் எத்தனையோ பேர். இங்கே ஒரு பொருத்தம் பார்க்கப் போனபோது சாத்திரியார் முதலில் கேட்டதே 'எந்தப் பக்கம் பிறந்த பிள்ளை?' என்றுதான். அவர் விசயம் தெரிந்த மனிதர்.

கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்குக் கோடை நேரமும் இருக்கிறது. மார்ச்சில் இருந்து நவம்பர் வரை ஒரு மணித்தியாலம் கூட. நாட்டில் இருந்து எழுதி அனுப்பும் சாதகங்களில் இதைக் கழிக்காமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வெளிநாட்டுப் பிள்ளைகளின் சாதகத்தை ஒருமுறை சரிபாருங்கோ.

நிழல்கடிகாரம் எழுதியது:

அக்கா, மிக முக்கியமான தகவல். இதோடு ஒன்று சேர்க்கிறேன். வடக்கே போகப் போக ராசிகள் உதிக்கும் நேரமும் தாறுமாறாக நீளும், குறுகும். லண்டனில் மீன லக்னம் ஒரு மணி நேரம்கூட நிற்காது, 51 நிமிடத்தில் முடிந்துவிடும். கன்னி ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் நிற்கும். லண்டனில் பிறந்த பிள்ளைக்கு நம் ஊர் ராசிமானப் பட்டியலை வைத்து லக்னம் குறித்தால் எங்கேயோ போய்விடும்.

கேள்விக்குறி எழுதியது:

எல்லோரும் அக்கறையாகப் பேசுகிறீர்கள், அதனால் நானும் மரியாதையோடு என் கருத்தைச் சொல்கிறேன். கிழக்கே எந்த ராசி உதித்தது என்பது உண்மை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதிலிருந்து ஒரு மனிதனின் திருமண வாழ்க்கையைச் சொல்ல முடியும் என்பதற்குத்தான் ஆதாரம் கேட்கிறேன். வானியலாளர் ஜயந்த் நார்லீகர் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார். படிப்பில் சிறந்த குழந்தைகள், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் இரண்டு வகையினரின் ஜாதகங்களையும் கலந்து 27 ஜோதிடர்களிடம் ஆளுக்கு 40 கொடுத்தார். எது எந்த வகை என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னது 46 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வரும்.

அக்கா, உங்கள் தம்பிக்கும் அந்தப் பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு நிமிடம் அதைத் தடுக்கலாமா? இதைத்தான் கேட்க நினைத்தேன்.

உதயாதி எழுதியது:

கேள்விக்குறி தம்பி, நீங்கள் கேட்டதில் தவறில்லை. நான் இந்தத் தொழிலில் இருப்பவன், எனக்கு நம்பிக்கை உண்டு, உங்களுக்கு இல்லை. அதை இந்த இழையில் தீர்க்க முடியாது. ஆனால் ஏழு நிமிடத்தை வைத்து ஒரு கல்யாணத்தை நிறுத்தக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். அதை சாஸ்திரத்துக்குள் இருந்தே சொல்கிறேன்.

பொருநைக்கரை அம்மா, கவனமாகக் கேளுங்கள். லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12-இல் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது பொது விதி. அதோடு நிறுத்திவிட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தோஷம் வந்துவிடும். அதற்கு அடுத்த வரியிலேயே விலக்குகள் இருக்கின்றன. கடகத்துக்கும் சிம்மத்துக்கும் செவ்வாய் யோககாரகன். கடகத்துக்கு 5-க்கும் 10-க்கும் உடையவன், சிம்மத்துக்கு 4-க்கும் 9-க்கும் உடையவன். கேந்திரமும் (4, 10) கோணமும் (5, 9) ஒருவனுக்கே அமைந்த கிரகம். அதனால் இந்த இரண்டு லக்னத்தாருக்கும் செவ்வாய் தோஷம் இல்லை என்பது தமிழ்நாட்டு ஜோதிடர்கள் பரவலாகக் கைக்கொள்ளும் விதி. செவ்வாய் சிம்மத்தில் நின்றாலும் தோஷம் இல்லை என்று தனியாகவே சொல்வார்கள். தம்பிக்கு இரண்டும் பொருந்துகிறது.

ஆக, கடகமானாலும் சிம்மமானாலும் தோஷம் இல்லை. பெண் வீட்டு ஜோசியர் லக்னத்தைச் சரியாகப் பிடித்தவர், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். விலக்கையும் அவரிடமே எடுத்துச் சொல்லுங்கள். சண்டையாக இல்லாமல், 'ஐயா, யோககாரகன் விலக்குப் பொருந்துமா' என்று கேட்டால் போதும்.

நொய்யல் எழுதியது:

ஐயா, கடகமும் சிம்மமும் சேரும் இடம் கண்டாந்தம் என்பார்களே? 28 பாகைக்கு மேல் என்றால் அது வருமே. அதையும் சொல்லிவிடுங்கள், பிறகு யாராவது கிளப்பப் போகிறார்கள்.

உதயாதி எழுதியது:

கேட்டது நல்லது. கடகம்–சிம்மம், விருச்சிகம்–தனுசு, மீனம்–மேஷம், இந்த மூன்று சந்திகளையும் கண்டாந்தம் என்பார்கள். அதன் பலன் குழந்தைப் பருவத்துக்குச் சொன்னது, பாலாரிஷ்டக் கணக்கில் வருவது. பிள்ளை வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், இன்று மாப்பிள்ளையாக நிற்கிறான். அதைப் பொருத்தத்தில் கொண்டுவந்து வைப்பது சரியல்ல.

சந்தி லக்னத்தில் நான் பார்ப்பது நவாம்சத்தை. ராசியை ஒன்பதாகப் பிரித்தால் 3 பாகை 20 கலைக்கு ஒரு நவாம்சம், ஏறத்தாழ 13, 14 நிமிடம். கடகத்தின் கடைசி நவாம்சம் மீனம். அன்றைக்குத் திருநெல்வேலியில் அது 1.33-இலிருந்து 1.47 வரை. ஆஸ்பத்திரிக் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்பின் ஓடியிருந்தாலும் மீன நவாம்ச லக்னம் மாறாது. சிம்மம் என்று எடுத்தால் அது மேஷமாகிவிடும். அதனால் நோட்டில் உள்ள அம்சக் கட்டத்தையும் திருத்தி எழுத வேண்டும், ராசிக் கட்டத்தில் 'ல'-வை மட்டும் மாற்றினால் போதாது. பழைய நோட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதில் அந்தப் பெரியவர் குறித்த உதயாதி நாழிகை இருந்ததால்தான் இன்று நம்மால் கணக்கைத் திருப்பிப் பார்க்க முடிந்தது.

இதைப் படிக்கும் இளம் பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் நேரம் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கி, ஊர்ப் பெயரோடு பத்திரப்படுத்துங்கள். குழந்தையின் தலை தெரிந்த நேரமா, முழுதாக வெளியே வந்த நேரமா, தொப்புள்கொடி அறுத்த நேரமா என்று பழைய நூல்களில் விவாதம் உண்டு. அது ஒரு சில நிமிட விஷயம். அரை மணி, முக்கால் மணி கழித்து யாரோ நினைவிலிருந்து சொல்லும் நேரம்தான் ஜாதகத்தைக் கெடுக்கிறது.

வன்னிமகள் எழுதியது:

ஐயா சொல்வது உண்மை. நேரத்தோடு எந்த நாட்டு நேரம், கோடை நேரமா என்பதையும் எழுதி வையுங்கோ.

பொருநைக்கரை எழுதியது:

இரண்டு நாளாக வர முடியவில்லை, மன்னிக்கவும். எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

உதயாதி ஐயா, நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது போலவே 'உதயாதி நாழிகை 18, விநாடி 55' என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மாவுக்கு அதைக் காட்டி, உங்கள் கணக்கை அவரே ஒரு தாளில் கூட்டிப் பார்த்தார். அப்புறம்தான் நிம்மதியானார்.

நேற்று அப்பாவும் சித்தப்பாவும் பெண் வீட்டு ஜோசியரிடம் போனார்கள். முதலிலேயே லக்னம் கடகம்தான், நீங்கள் போட்டதுதான் சரி என்று அப்பா சொல்லிவிட்டார். பிறகு யோககாரகன் விலக்கைக் கேட்டிருக்கிறார். அவர் கொஞ்ச நேரம் கட்டத்தைப் பார்த்துவிட்டு, அந்த விலக்கை நானும் எடுப்பதுண்டு, ஆனால் சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் செவ்வாயைப் பார்த்துவிட்டுத்தான் முடிவாகச் சொல்வேன் என்றாராம். பார்த்துவிட்டு, தாராளமாகச் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். பெண்ணின் லக்னத்தையும் அதே சூட்டோடு சரிபார்க்கச் சொன்னோம். அவள் பிறந்தது தூத்துக்குடி, துலாம் 14 பாகை, எந்தப் பக்கமும் எல்லை இல்லை.

ஆவணியில் நிச்சயம் வைக்கலாம் என்று பேசியிருக்கிறார்கள். ஐயா, தம்பிக்குப் புதிய ஜாதகம் எழுதும்போது லகிரி அயனாம்சம், திருநெல்வேலி அட்சரேகை தீர்க்கரேகை, 1.40 மூன்றையும் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லலாம் என்று இருக்கிறோம். வேறு ஏதாவது குறிக்க வேண்டுமா?

உதயாதி எழுதியது:

மிகவும் சந்தோஷம் அம்மா. லக்னத்தின் பாகை, கலையையும் எழுதச் சொல்லுங்கள். கட்டத்தில் 'ல' மட்டும் இருந்தால் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பது அடுத்தவருக்குத் தெரியாது. நேரம் ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து எடுத்தது என்றும் ஒரு வரி போடச் சொல்லுங்கள். பழைய நோட்டு எழுதியவரின் பெயரும் அதில் இருக்கட்டும்.